நாற்பத்தாறு வயதில் சரளி வரிசை

தில்லிக்கு மாற்றலாகி வந்த இரண்டாம் ஆண்டு, நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஆறரை மணிக்கு நம் வீட்டு அழைப்பு மணி ஒலித்தது. கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பெரியவர் நின்றிருந்தார். எண்பதை நெருங்கும் பஞ்சாபியர். தோளில் சால்வை, கையில் தேநீர்க் கோப்பை. நம் குரலைத் தாங்க முடியாமல்தான் வந்துவிட்டார் என்று எண்ணி, மன்னிப்புக் கேட்க வாய் திறந்தோம். அதற்குள் அவர் கேட்டார்: "மேனேஜர் சாஹேப், நீங்கள் இப்போதுதானே பாட்டுக் கற்கத் தொடங்கியிருக்கிறீர்கள்? முதல் நாளிலிருந்தே ஏன் பைரவ் பாடுகிறீர்கள்?"

உள்ளே அழைத்து உட்கார வைத்தோம். நாம் பாடியது பைரவ் அல்ல, கர்நாடக இசையின் முதற்பாடமாகிய சரளி வரிசை, அதன் ராகம் மாயாமாளவகௌளை என்று விளக்கினோம். அவர் சிரித்தார். "பெயர் எதுவாக இருந்தால் என்ன, ஸ்வரங்கள் பைரவின் ஸ்வரங்கள்தாமே? இளமையில் இங்கே கந்தர்வ மகாவித்யாலயத்தில் கற்றவன் நான். எங்களுக்குப் பிலாவலில்தான் தொடக்கம். பைரவைத் தொடுவதற்கு வெகுநாள் ஆயிற்று. நீங்கள் என்னடாவென்றால் முதல் வாரத்திலேயே அதைப் பிடித்துக்கொண்டீர்கள். போகட்டும், அது விடியற்காலை ராகம். நேரத்தையாவது சரியாகக் கடைப்பிடிக்கிறீர்கள்."

அவர் தேநீரை முடித்துக்கொண்டு போய்விட்டார். கேள்வி மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

வாயை மட்டும் அசை

கேள்விக்கு வருமுன், நாற்பத்தாறு வயதில் ஒரு வங்கி அதிகாரி சரளி வரிசை பாட நேர்ந்த கதையைச் சொல்லிவிட வேண்டும்.

நமக்குப் பத்து வயதிருக்கும். நாம் படித்த பள்ளியில் ஆண்டு விழாவுக்கு இறைவணக்கப் பாடல் பயிற்சி நடந்தது. பாட்டு ஆசிரியர் வரிசையாகக் காது கொடுத்துக்கொண்டே வந்தார். நம்மிடம் வந்ததும் நின்றார். "நீ வாயை மட்டும் அசை. சத்தம் வேண்டாம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கணக்கில் ஒரு பிழையைத் திருத்துவதுபோலச் சொன்னார். விழாவில் வாயை மட்டும் அசைத்தோம். அதன்பின் முப்பத்தாறு ஆண்டுகள் நாம் யார் முன்னிலையிலும் பாடியதில்லை. பிள்ளைகளைத் தொட்டிலிலிட்டபோதும் மனைவிதான் பாடினார். நாம் கயிற்றை ஆட்டினோம்.

இப்படி 'நமக்குக் குரல் இல்லை' என்று முடிவு கட்டிக்கொண்டவர்கள் வாசகர்களிலும் பலர் இருப்பீர்கள். அவர்களுக்காக ஒரு செய்தி. ஸ்வரங்களின் ஏற்ற இறக்கத்தைப் பிறவியிலேயே பிரித்தறிய இயலாத நிலை என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. கனடாவின் மான்ட்ரியல் நகரத்து உளவியலாளர் இசாபெல் பெரெட்ஸும் அவருடைய சக ஆய்வாளரும் இணையவழியே பல்லாயிரம் பேரைச் சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். அந்நிலை உள்ளவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பேரே. மற்றவர்களுக்கு இருப்பது குறையன்று, பழக்கமின்மை. நாம் எந்தப் பக்கம் என்பது தெரியாமல்தான் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்தோம்.

தில்லி மாற்றல் நமக்குத் தனிமையைக் கொடுத்தது. பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுக் குடும்பம் ஊரிலேயே இருந்தது. மாலையில் வங்கியிலிருந்து திரும்பினால் வீட்டில் ஒலி என்று சொல்லத்தக்கது குளிர்பதனப் பெட்டியின் முனகல் ஒன்றுதான். ஒரு விஜயதசமியன்று ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்குப் போயிருந்தோம். 1973இல் குடமுழுக்குக் கண்ட அந்த முருகன் கோயில், தில்லித் தமிழர்களுக்குக் கோயில் மட்டுமன்று, ஊர்த் திண்ணையும்கூட. படியோரத்தில் அமர்ந்து ஏழெட்டுக் குழந்தைகள் ஏதோ வரிசை பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு சிறுவன் தெளிவாகச் சுருதி விலகிப் பாடினான். யாரும் அவனை வாயை மட்டும் அசைக்கச் சொல்லவில்லை. அது நம்மை ஏதோ செய்தது.

முதல் முயற்சி முழு நட்டம் என்பதையும் மறைப்பதற்கில்லை. கடைவீதி ஒன்றிலிருந்த பயிற்சி நிலையத்தில் சேர்ந்தோம். பன்னிரண்டு மாதக் கட்டணத்தையும் முன்னதாகச் செலுத்தினால் தள்ளுபடி என்றார்கள், செலுத்தினோம். இரண்டாம் வகுப்பிலேயே திரைப்படப் பாடல் ஒன்றின் பல்லவியைச் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாம் வாரம் ஆசிரியர் மாறினார். ஆறாம் வாரம் சனிக்கிழமை வகுப்பே நின்றது. பணத்தைத் திருப்பித் தர இயலாது என்பது ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. கடன் பத்திரங்களின் ஒவ்வொரு விதியையும் வாடிக்கையாளருக்குப் படித்துக் காட்டி ஒப்பம் வாங்கும் தொழிலில் இருபது ஆண்டுகள் இருந்தவர் நாம். அந்த ரசீதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

எந்தக் கட்டை?

பிறகு கிடைத்தவர்தாம் இப்போதைய ஆசிரியை. மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். ராமகிருஷ்ணபுரத்தில் தம் வீட்டுக் கூடத்திலேயே கற்பிக்கிறார். மாதந்தோறும் கட்டணம். முன்பணம் தருகிறோம் என்றோம். "அடுத்த மாதம் வருகிறீர்களா என்று முதலில் பார்ப்போம் சார்" என்றார்.

முதல் வகுப்பில், வாயில் வருவதைப் பாடுங்கள் என்றார். முப்பத்தாறு ஆண்டுக் கதையை முன்னுரையாகச் சொல்லிவிட்டு, கேட்டுப் பழகிய பழைய பாட்டு ஒன்றின் முதலடியைப் பாடினோம். பாடினோம் என்பதைவிடக் கூவினோம் எனலாம். அவர் முகம் மாறவில்லை. சுருதிப் பெட்டியின் குமிழைத் திருப்பிக்கொண்டே வந்தார். மூன்று கட்டையிலிருந்து இரண்டரை, இரண்டு, ஒன்றரை. ஒரு கட்டையில் நிறுத்தி, "இங்கே ஸ சொல்லுங்கள்" என்றார். சொன்னோம். தொண்டை இறுகவில்லை. பெட்டியின் ஒலியும் நம் ஒலியும் ஒருகணம் ஒன்றாகி, இரண்டுக்கும் இடையிலிருந்த உரசல் மறைந்தது. வாழ்வில் முதன்முறையாக அதைக் கேட்டோம்.

கட்டை என்பது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணுவதால் வந்த வழக்கு. முதல் வெள்ளைக் கட்டையை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் ஒரு கட்டை. அதற்கும் அடுத்த வெள்ளைக்கும் இடையிலுள்ள கறுப்புக் கட்டை ஒன்றரை. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள்ளும், பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையை ஒட்டியும் பாடுவார்கள். ஒருவருக்குரிய கட்டையை அறியாமல் பாட வைப்பது, அளவெடுக்காமல் தைத்த சட்டையைப் போட்டுவிட்டு உடம்பு சரியில்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

"பள்ளியில் ஐம்பது பேருக்கும் ஒரே சுருதிதானே வைத்திருப்பார்கள்? உங்களுக்கு வேறு கட்டை கொடுத்துப் பார்த்தார்களா?" என்று ஆசிரியை கேட்டார். யாரும் பார்க்கவில்லை. இதை அவர் மிகச் சாதாரணமாகத்தான் கேட்டார். அன்றிரவு நமக்கு உறக்கம் வர வெகுநேரமாயிற்று.

வகுப்பில் நம்முடன் தொடங்கியவர்கள் மூவர். ஏழு வயதில் இரட்டைச் சிறுமியர். ஒன்பது வயதில் ஒரு பையன். அவர்கள் நம்மை 'அங்கிள்' என்றழைத்தார்கள். நாம் தாளம் தப்பினால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இதில் நமக்கு ஒரு பெரிய துணை உண்டு. கிரேக்க ஞானி சாக்ரடீஸ் முதுமையில் கொன்னோஸ் என்பவரிடம் யாழ் கற்கப் போனதாகவும், உடன் கற்ற சிறுவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்ததோடு, ஆசிரியருக்குக் 'கிழவர்களின் வாத்தியார்' என்று பட்டம் சூட்டியதாகவும் பிளேட்டோ எழுதியிருக்கிறார். நம் ஆசிரியைக்கு இன்னும் அந்தப் பட்டம் வரவில்லை.

உண்மையான இடர் குரலில் இல்லை, கையில் இருந்தது. சரளி வரிசையின் முதல் வரிசை மிக எளிது: ஸ ரி க ம ப த நி ஸ என்று ஏறி, அவ்வாறே இறங்க வேண்டும். ஆக, பதினாறு ஸ்வரங்கள். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம்: ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும் கொண்ட லகு, பிறகு தட்டும் வீச்சுமாக இரண்டு திருதம். முதல் காலத்தில் அட்சரத்துக்கு ஒரு ஸ்வரம். வரிசை முடிய இரண்டு ஆவர்த்தம். இரண்டாம் காலத்தில் அட்சரத்துக்கு இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. பாட்டு நான்கு மடங்கு விரையும். தாளம் போடும் கை மட்டும் அதே நிதானத்தில் இருக்க வேண்டும்.

நம் கை இருக்கவில்லை. வாய் விரைந்தால் கையும் விரைந்தது. காசாளராகப் பணியைத் தொடங்கியவர் நாம். நூறு தாள் கொண்ட கட்டைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எண்ணி முடித்துப் பாராட்டுப் பெற்ற கை இது. எட்டு வரை ஒரே சீராக எண்ண அதற்குத் தெரியவில்லை என்பதை ஏழு வயதுச் சிறுமியர் முன்னிலையில் கண்டறிந்தோம். மூன்றாம் காலம் கைகூட நான்கு மாதம் பிடித்தது. சிறுமியருக்கு மூன்று வாரம்.

பிலாவலா, பைரவா?

இனி, பெரியவரின் கேள்வி.

ஒரு காலத்தில் இந்துஸ்தானி இசை கற்க வேண்டுமானால் உஸ்தாதின் வீட்டில் பல்லாண்டு பணிவிடை செய்ய வேண்டும். அவர் மனம் வைத்தால்தான் வித்தை. அதை மாற்றியவர்களுள் இருவர் முதன்மையானவர்கள். விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் லாகூரில் கந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கினார். பொதுமக்களின் ஆதரவைக் கொண்டு நடந்த பள்ளி அது. சிறுவயதில் பட்டாசு விபத்தில் பார்வை பாதிக்கப்பட்டவர், பிறர் பார்த்துப் படிக்கும் ஸ்வரக் குறியீட்டு முறை ஒன்றை வகுத்தார் என்பது வியப்பு. அந்தப் பெயரிலேயே தில்லியில் 1939இல் பள்ளி நிறுவியவர் பண்டிட் வினயசந்திர மௌத்கல்யா. அவரைத் தெரியாது என்பீர்கள். ஆனால் தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலத்தில் வளர்ந்தவரானால், வலையோடு பறந்துபோகும் பறவைகளைக் காட்டும் 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' என்ற கார்ட்டூன் படத்தைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். 1974இல் வந்த அந்தப் படத்தின் பாட்டை எழுதியவர் அவர்தான்.

மற்றொருவர் விஷ்ணு நாராயண் பாத்கண்டே (1860–1936). பம்பாயில் வழக்கறிஞர். 1904இல் தென்னாட்டுக்குப் பயணம் வந்து, எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளியான ஆண்டும் அதுவே. வேங்கடமகி வகுத்த 72 மேளகர்த்தாக்களின் ஒழுங்கு பாத்கண்டேயின் சிந்தனையைத் தூண்டியது. வடநாட்டு ராகங்களை அவர் பத்துத் தாட்டுகளுக்குள் அடக்கியதில் அந்தத் தென்னாட்டுப் பயணத்துக்கும் பங்குண்டு. அவர் முயற்சியால் 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாடு, இரண்டாம் முறை 1918இல் கூடியது நம் தில்லியில்.

அந்தப் பத்தில் முதலில் கற்பிக்கப்படுவது பிலாவல். நம் கணக்கில் 29ஆவது மேளம், தீரசங்கராபரணம். நமக்கு முதற்பாடமான மாயாமாளவகௌளை 15ஆவது மேளம். அவர்கள் கணக்கில் பைரவ். பெயர்களை நம்பி இறங்கினால் வழி தவறும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நம் தோடியின் ஸ்வரங்கள் அவர்களுக்குப் பைரவி. அவர்களுடைய தோடியோ நமக்குச் சுபபந்துவராளி. பெரியவரும் நாமும் ஒரு மாலை முழுவதும் தோடியைப் பற்றிப் பேசி, இருவரும் வெவ்வேறு ராகத்தைச் சொல்கிறோம் என்பதைக் கடைசியில்தான் கண்டுகொண்டோம்.

மாயாமாளவகௌளையை முதற்பாடமாக வைத்தவர் புரந்தரதாசர் என்பது வழக்கு. காரணம் என்ன? புத்தகங்கள் பொதுவாகச் சொல்வது அதன் சமச்சீர். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம படிகளாகக் கொள்ளுங்கள். ஸவிலிருந்து ரிக்கு 1 படி, ரியிலிருந்து கவுக்கு 3, கவிலிருந்து மவுக்கு 1. மவுக்கும் பவுக்கும் இடையே 2 படி. பிறகு மீண்டும் 1, 3, 1. கீழ்ப்பாதியும் மேற்பாதியும் ஒரே அச்சு. ஒன்றைக் கற்றால் மற்றதைக் கற்றதாகும்.

இதை ஒரு தாளில் வரைந்து பெரியவரிடம் காட்டினோம், வென்றுவிட்ட பெருமிதத்துடன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அதன் கீழேயே பிலாவலை எழுதினார்: 2, 2, 1, நடுவே 2, மீண்டும் 2, 2, 1. "இதுவும் சமச்சீர்தானே, சாஹேப்?"

தணிக்கையாளர் காட்டிய பிழையைப்போல அது மறுக்க முடியாததாக இருந்தது. சமச்சீர் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. பிறகு நாமே பாடிப் பார்த்து அறிந்ததைச் சொல்கிறோம். இது நம் அனுபவமே ஒழிய ஆய்வு முடிவன்று. பிலாவலில் அடுத்தடுத்த இடைவெளிகள் பெரும்பாலும் ஒரே அளவானவை. ரி சற்று இறங்கினாலும் ஏறினாலும் புதிதாகக் கற்பவரின் காதுக்குப் பிடிபடுவதில்லை. மாயாமாளவகௌளையில் ஒரு சிறு அடி, உடனே ஒரு பெருந்தாவல். ரி கொஞ்சம் உயர்ந்தாலும் ஸவோடு அது கொண்டிருக்கும் நெருக்கம் கெடுகிறது. க தாழ்ந்தால் தாவல் நொண்டுகிறது. பிழை தன்னைத்தானே காட்டிக் கொடுக்கிறது. ஆனால் பெரியவரின் பக்கமும் நியாயம் உண்டு. பிலாவலின் ஸ்வரங்கள் ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளில் அப்படியே அமைந்தவை. பழகிய வழியில் நடத்திச் செல்வது ஒரு முறை. பழகாத வழியில் ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்கச் செய்வது மற்றொரு முறை.

அடகுக் கடைக்காரர்

புரந்தரதாசரைப் பற்றி (1484–1564) வழிவழியாக வரும் கதை வங்கித் துறையினர் அனைவரும் அறிய வேண்டிய ஒன்று. இந்தத் துறவியின் முந்தைய தொழில் அடகும் வட்டியும். சீனிவாச நாயக்கர் என்ற பெயரில் பெருஞ்செல்வராகவும் பெருங்கஞ்சராகவும் இருந்தார் என்பார்கள். மகனின் உபநயனத்துக்கு உதவி கேட்டு வந்த ஏழை ஒருவரை நாள்தோறும் அலைக்கழித்தார். அந்த ஏழை அவருடைய மனைவியிடம் முறையிட, அம்மையார் தம் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தார். அதையே நாயக்கரின் கடைக்குக் கொண்டுவந்தார் அவர். நகையை அடையாளம் கண்ட நாயக்கர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வீட்டுக்கு விரைந்து மூக்குத்தியைக் கேட்டார். அஞ்சிய அம்மையார் நஞ்சருந்தத் துணிந்தபோது, அந்தக் கிண்ணத்திலேயே மூக்குத்தி கிடந்ததாம். கடைக்கு ஓடிப் பார்த்தால் பூட்டிய பெட்டி வெறுமையாக இருந்தது. செல்வம் அனைத்தையும் தானமாக்கிவிட்டு அவர் தம்பூராவை ஏந்தினார். அப்போது அவருக்கு நாற்பது வயதளவில் என்கிறது மரபு.

நாமும் நகைக் கடன் பிரிவில் ஏழாண்டுகள் இருந்தோம். தாலிச் சரடைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்ப்பதைப் பார்க்காமல் வேறுபக்கம் திரும்பிக்கொள்ளும் பெண்களை அறிவோம். மூக்குத்திக் கதையின் அற்புதம் எப்படியும் இருக்கட்டும். அதில் வரும் கடையும் பெட்டியும் சாவியும் நமக்கு அன்னியமல்ல. நாம் நாள்தோறும் பாடும் அந்தப் பாடங்களை வரிசைப்படுத்தியவராகச் சொல்லப்படுபவர் மேசையின் இதே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்பது, சோம்பல் மிகுந்த காலைகளில் நம்மை எழுப்பியிருக்கிறது.

அவர் வகுத்த ஒழுங்கில் ஒரு கருணையும் உண்டு. சரளி, ஜண்டை, அலங்காரம் எல்லாம் கடந்து முதன்முதலில் வரும் பாட்டு மலஹரி ராகத்துக் கீதம். மலஹரி, மாயாமாளவகௌளையிலேயே பிறந்தது. நிஷாதம் மட்டும் இல்லை. மாதக்கணக்கில் பழகிய அதே ஸ்வரங்கள், திடீரென்று பாட்டாகி நிற்கும்.

தில்லியில் தொடங்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். இந்துஸ்தானி கற்க மேற்சொன்ன கந்தர்வ மகாவித்யாலயம் இருக்கிறது. மண்டி ஹவுஸ் பகுதியில், 1950இல் சுந்தரி ஸ்ரீதராணி நிறுவிய திரிவேணி கலா சங்கமம் இருக்கிறது. கர்நாடக இசைக்கு ராமகிருஷ்ணபுரம், கரோல் பாக், மயூர் விஹார், துவாரகா பகுதிகளில் வீட்டு வகுப்புகளே பெரிதும் வழி. மலை மந்திரில் நான்கு பேரிடம் விசாரித்தால் ஐந்து ஆசிரியர்களின் முகவரி கிடைக்கும். கட்டணத்தை மாதந்தோறும் செலுத்துங்கள். காரணம் முன்பே சொல்லிவிட்டோம். கருவியை உடனே வாங்க வேண்டாம். நம் சக அலுவலர் ஒருவர் ஆர்வத்தில் தஞ்சாவூர் வீணை ஒன்றை வரவழைத்தார். மெழுகின்மேல் பதித்த 24 மெட்டுகள் அதற்கு. தில்லியின் ஜூன் மாதம் மெழுகுக்கு என்ன செய்யும் என்பதை அவர் சிந்திக்கவில்லை.

நவம்பரில் காற்று கெடும்போது தொண்டை முதலில் சொல்லும். அந்த வாரங்களில் சாளரங்களை அடைத்துவிட்டு, மேல் ஸ்தாயியைத் தொடாமல், தாழ்ந்த குரலில் முதல் காலம் மட்டும் பாடச் சொன்னார் ஆசிரியை. இருமல் வந்த நாள்களில் பாடாமல் தாளம் மட்டும். பார்க்கப் போனால், நம் கை திருந்தியது அந்த இருமல் வாரங்களில்தான்.

தினமும் இருபது நிமிடம் போதும், ஆனால் தினமும். வாரம் முழுவதும் விட்டுவிட்டு ஞாயிறன்று இரண்டரை மணி நேரம் சாதகம் செய்து ஈடுகட்ட முயன்றிருக்கிறோம். மார்ச் 31ஆம் தேதி இரவில் ஓராண்டுக் கணக்கை நேர்செய்யும் பழக்கம் இங்கே செல்லாது. தொண்டை கட்டிக்கொண்டதுதான் பலன்.

சென்ற விஜயதசமிக்கு மலை மந்திரில் நம் வகுப்பும் பாடியது. உடன் தொடங்கிய மூவரும் அதற்குள் கீதத்துக்குப் போய்விட்டார்கள். நாம் புதிதாகச் சேர்ந்த நான்கு சிறுவர்களுடன் ஜண்டை வரிசைக்கு உட்கார்ந்தோம். மனைவியும் பிள்ளைகளும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். மேல் ஷட்ஜத்தில் நம் குரல் பிளந்தது. முன்வரிசைச் சிறுவன் திரும்பிப் பார்த்தான். ஆசிரியையின் கை தாளத்தை விடவில்லை. நாமும் இறங்கு வரிசையில் சேர்ந்துகொண்டோம். முடிந்தபின் மகள் சொன்னாள்: "அப்பா, நீங்கள் பாடி நான் கேட்டதே இல்லை." மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பிய மறுநாள் தொலைபேசியில், அந்த வரிசையை இன்னொரு முறை பாடச் சொன்னார்.

அதன்பின் அலங்காரம் தொடங்கிற்று. செய்தியைச் சொன்னதும் பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுந்து நின்று கைகுலுக்கினார். பிறகுதான் காரணம் விளங்கியது. கந்தர்வ மகாவித்யாலய மண்டலத் தேர்வுகளில் பிராரம்பிக்கில் தொடங்கி, பிரவேசிகா, மத்யமா, விஷாரத் எல்லாம் கடந்து இறுதியில் பெறுவது 'அலங்கார்' பட்டம். நமக்கோ அது ஏழு தாளங்களுக்கான தொடக்கப் பயிற்சி. உண்மையைச் சொல்ல ஒரு நாள் தாமதித்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

துருவம், மட்டியம், ரூபகம் முடிந்துவிட்டன. இப்போது மிஸ்ர ஜாதி ஜம்பை நடக்கிறது. லகுவுக்கு ஏழு, அனுதிருதத்துக்கு ஒன்று, திருதத்துக்கு இரண்டு. ஆகப் பத்து அட்சரம். அந்த நடுவிலுள்ள ஒன்றில்தான் கை தடுமாறுகிறது. சனிக்கிழமைக்குள் இரண்டாம் காலம் பாடிக்காட்ட வேண்டும்.